மாடல் ட்ரெயினுக்கு சின்ன கனெக்டர் சைஸ் கண்டுபிடிச்சு வாங்குறது எப்படி: முழு வழிகாட்டி

மாடல் ட்ரெயின்ல கை வச்சவங்க எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்த தலைவலி வந்தே தீரும். லோகோ ஷெல்லை கழட்டப் போனா ஹெட்லைட் ஒயர் கூடவே இழுத்துக்கிட்டு வரும், டெண்டரை (ஸ்டீம் எஞ்சினுக்கு பின்னாடி வர்ற கரி வண்டி) தனியா எடுக்க முடியாது, கோச்சுல லைட் போட்டு முடிச்ச பிறகு கூரையை ஒரு தடவை திறந்தா சால்டர் பிச்சுக்கும். நடுவுல ஒரு குட்டி பிளக் போட்டா வேலை முடிஞ்சதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஆன்லைன்ல தேடுனா "மைக்ரோ ஜேஎஸ்டி", "மினி ஜேஎஸ்டி", "1.25", "2.0", "2 பின்"னு ஒரே மாதிரி போட்டோவோட நூறு ஐட்டம் வந்து நிக்கும், எது நமக்குன்னு புரியாது.

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல போட்டுக்கோங்க. ஜேஎஸ்டிங்கிறது சைஸ் கிடையாது, அது ஜப்பான்ல இருக்கிற ஒரு கம்பெனி. அவங்க கிட்ட எக்கச்சக்கமான சீரிஸ் இருக்கு, அதுல ஒண்ணோட பிளக் இன்னொண்ணுல போகாது. அதனால "ஜேஎஸ்டி கனெக்டர் வேணும்"னு கேக்கிறது பாதி கேள்விதான். சைஸை கண்டுபிடிக்க நாலு விஷயம் தெரியணும்: பிட்ச், சீரிஸ், ஒயர் தடிமன், கரண்ட். லோகோவுக்குள்ள வைக்கிறதா இருந்தா ஐஞ்சாவதா இடம். இந்த வரிசையிலயே போவோம்.

ஸ்டெப் 1: பிட்ச் அளக்கிறது

பிட்ச்னா ஒரு பின்னோட நடுவுல இருந்து பக்கத்து பின்னோட நடு வரைக்கும் உள்ள தூரம். மாடல் ட்ரெயின்ல நீங்க பாக்கப்போற பிட்ச் பெரும்பாலும் இவ்வளவுதான்: 2.54, 2.5, 2.0, 1.5, 1.27, 1.25, 1.0 எம்எம். அப்புறம் நெக்ஸ்ட்18 டிகோடர்ல மட்டும் 0.5 (டிகோடர்னா டிராக்ல வர்ற டிஜிட்டல் கட்டளையை படிச்சு மோட்டாரையும் லைட்டையும் இயக்குற குட்டி போர்டு). இதுல 2.54க்கும் 2.5க்கும், 1.27க்கும் 1.25க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு சுத்தமா தெரியாது, வம்பே அங்கதான் ஆரம்பிக்குது.

சாதா ஸ்கேலை தூக்கி ஓரமா வைங்க, டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் ஒண்ணு வேணும், விலை கம்மியானதே போதும். பக்கத்து பக்கத்துல இருக்கிற ரெண்டு பின்னை மட்டும் அளக்காதீங்க, கை லேசா ஆடினாலே 0.05 எம்எம் தப்பு வந்துடும், 1.25ஆ 1.27ஆன்னு பாக்கிற இடத்துல அந்த தப்பு ரொம்ப பெருசு. முதல் பின்னோட இடது ஓரத்துல இருந்து கடைசி பின்னோட இடது ஓரம் வரைக்கும் அளங்க, ரெண்டு பக்கமும் அதே ஓரமா இருக்கணும், ஒண்ணு இடது ஒண்ணு வலதுன்னு எடுத்தா ஒரு பின்னோட அகலம் சேர்ந்துக்கும். வந்த அளவை பின் எண்ணிக்கையில ஒண்ணு கம்மி பண்ணி வகுக்கணும். 9 பின் இருந்தா 8ஆல வகுக்கணும், 9ஆல இல்ல. நிறைய பேர் சறுக்குறது இந்த இடத்துலதான்.

உதாரணத்துக்கு, ஒரு டிகோடர்ல இருக்கிற 9 பின் வெள்ளை பிளக்கை அளந்தா 12.0 எம்எம் வருதுன்னு வைங்க. 12ஐ 8ஆல வகுத்தா 1.5. அப்போ அது ஜேஎஸ்டி இசட்எச் சீரிஸ், பல டிகோடர்ல ஒயர் சரத்தை மாட்டுற பக்கம் இதைத்தான் பாப்பீங்க. அதே மாதிரி 5 பின் கனெக்டர்ல 10.0 வந்தா பிட்ச் 2.5, 10.16 வந்தா 2.54. 6 பின்ல 6.25 வந்தா 1.25, 6.35 வந்தா 1.27. பின் எண்ணிக்கை அதிகமாக ஆக வித்தியாசம் தெளிவா தெரியும், 2 பின் கனெக்டர்ல அளந்து மட்டும் இதை பிரிக்கிறது ஆகாத காரியம்.

அப்போ 2 பின்னுக்கு என்ன பண்றது? உருவத்தைப் பாருங்க. 1.27 பெரும்பாலும் மேல கூடு எதுவும் இல்லாத வெறும் பின் வரிசையா, இல்லன்னா டிகோடர் சாக்கெட்டா வரும். 1.25ன்னா பிளாஸ்டிக் ஹவுசிங்குக்குள்ள கிரிம்ப் பண்ண (உலோக முனையை நசுக்கி மாட்டின) ஒயரோட வரும். 2.54லயும் அதே கதைதான், சர்வோ மோட்டார் ஒயர்ல வர்ற கருப்பு 3 பின் டைப் 2.54. நாலு பக்கமும் சுவர் வச்ச வெள்ளை சாக்கெட்டுக்குள்ள போய் உக்காருதுன்னா எக்ஸ்எச் சீரிஸா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அது 2.5.

காலிப்பர் இல்லாதவங்களுக்கு ஒரு வழி இருக்கு. பிட்ச் வாரியா கோடு போட்ட ஷீட்டை 100 சதவீத சைஸ்ல பிரிண்ட் எடுத்து அது மேல கனெக்டரை வச்சு பாக்கலாம். ஆனா பிரிண்டர் தானா சைஸை சுருக்கிடும், அதனால அந்த ஷீட்லயே 100 எம்எம் கோடு ஒண்ணு போட்டு ஸ்கேல்ல சரிபார்த்துட்டு அப்புறம் நம்புங்க.

ஸ்டெப் 2: எந்த சீரிஸ்னு பிடிக்கிறது

பிட்ச் ஒண்ணா இருந்தா மாட்டிக்கும்னு நினைக்காதீங்க. 1.25ஐயே எடுத்துக்கோங்க. ஜேஎஸ்டியோட ஜிஎச் சீரிஸும் 1.25தான், மோலெக்ஸ் கம்பெனியோட பிக்கோபிளேடும் 1.25தான், ஆனா ஒண்ணுக்குள்ள இன்னொண்ணு போகாது. ஜிஎச்ல மேல ஒரு குட்டி லாக் இருக்கும், அழுத்தினாத்தான் கழலும். பிக்கோபிளேடுல அந்த லாக் கிடையாது, இறுக்கத்துலயே நிக்கும். இதுல கூத்து என்னன்னா ஆன்லைன்ல "ஜேஎஸ்டி 1.25"னு விக்கிறதுல பெரும்பாலானது பிக்கோபிளேடோட காப்பி. பேரை பாக்காதீங்க, படத்துல லாக் இருக்கா இல்லையான்னு பாருங்க.

மத்ததை சுருக்கமா சொல்லிடறேன். 2.5ன்னா எக்ஸ்எச், 2.0ன்னா பிஎச், 1.5ன்னா இசட்எச், 1.0ன்னா எஸ்எச். லித்தியம் பேட்டரியில வர்ற சிவப்பு 2 பின் பிளக் ஆர்சிஒய், எல்ஈடி ஸ்ட்ரிப்ல வர்ற லாக் வச்ச கருப்பு பிளக் எஸ்எம், இது ரெண்டும் 2.5 பிட்ச்.

இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. எக்ஸ்எச், பிஎச், இசட்எச், ஜிஎச், எஸ்எச் எல்லாம் அடிப்படையில ஒயரை போர்டுல மாட்டுறதுக்குன்னு பண்ணது. அதாவது ஒரு பக்கம் ஒயர், இன்னொரு பக்கம் பிசிபில சால்டர் பண்ற பின். லோகோவுக்கும் டெண்டருக்கும் நடுவுல நமக்கு வேண்டியது ரெண்டு பக்கமும் ஒயர். அதுக்கு ஆர்சிஒய், எஸ்எம், பிக்கோபிளேடோட ஒயர்-டு-ஒயர் டைப் இதெல்லாம்தான் ஒரிஜினலா பொருந்தும். ரெண்டு பக்கமும் ஒயரோட ஜோடியா விக்கிற 1.25 காப்பிகள் இருக்கு, ஹெட்லைட், கோச் லைட் மாதிரி வேலைக்கு அதுவே தாராளம். இல்லன்னா போர்டு பின் ஒண்ணை எடுத்து காலுக்கு காலு ஒயரை சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போட்டுக்கலாம், கொஞ்சம் பெருசா இருக்கும், அவ்வளவுதான்.

டிகோடர் சாக்கெட் வேற உலகம்

டிகோடர் மாட்டுற சாக்கெட்டுக்கு மேல சொன்ன சீரிஸ் எதுவும் தேவையில்ல, அதுக்கு தனி தரம் இருக்கு, நெம்ங்கிறது ஐரோப்பிய மாடல் ரயில் தரத்தோட பேர். 8 பின் நெம் 652ன்னா ரெண்டு வரிசை, வரிசைக்கு 4, பிட்ச் 2.54. 6 பின் நெம் 651 ஒரே வரிசை, 1.27, N ஸ்கேல்ல (ரொம்ப சின்ன சைஸ் ட்ரெயின்) நிறைய பாக்கலாம். 21 எம்டிசியும் ப்ளக்ஸும் ரெண்டு வரிசை, 1.27. நெக்ஸ்ட்18 மட்டும் 0.5, அதை கையால ஒயர் போட்டு சால்டர் பண்ணலாம்னு கனவு காணாதீங்க, அடாப்டர் போர்டு வாங்கிடுங்க.

8 பின் பிளக்கை திருப்பி மாட்டிட்டா பயப்பட வேண்டாம், அதோட பின் அமைப்பு அப்படி யோசிச்சு வச்சது, லோகோ எதிர் திசையில ஓடும், லைட் எரியாது, கழட்டி திருப்பி போட்டா முடிஞ்சது. 6 பின்ல அந்த வசதி கிடையாது, பின் 1 எதுன்னு பார்த்துத்தான் மாட்டணும். 21 எம்டிசில ஒரு பின் வேணும்னே விட்டிருப்பாங்க, சாக்கெட்ல அந்த ஓட்டை அடைச்சிருக்கும். "ஐயோ பின் உடைஞ்சு வந்திருக்கே"ன்னு ரிட்டர்ன் போட்டுடாதீங்க.

ஸ்டெப் 3: ஒயர் தடிமன்

ஏடபிள்யூஜி (ஒயர் தடிமனை சொல்ற கேஜ் அளவு) நம்பர் கூட கூட ஒயர் மெலிசு. 22 கேஜ்ல செம்பு 0.64 எம்எம், 26ல 0.4, 28ல 0.32, 30ல 0.25, 32ல 0.2. டிகோடர் ஒயர் பெரும்பாலும் 30 இல்லன்னா 32 பக்கம் இருக்கும்.

ஒவ்வொரு சீரிஸோட கிரிம்ப் டெர்மினலுக்கும் ஒரு ரேஞ்ச் உண்டு. எக்ஸ்எச் டெர்மினல்ல அதிகபட்சம் 22 கேஜ் போகும், பிஎச்ல 24, ஜிஎச்லயும் பிக்கோபிளேடுலயும் 26, எஸ்எச்ல 28. இதுக்கு மேல தடிமனான ஒயரை திணிச்சா டெர்மினல் வீங்கிடும், ஹவுசிங்குக்குள்ள போகாம அடம் பிடிக்கும். அதே சமயம் 32 கேஜ் ஒயரை எக்ஸ்எச் டெர்மினல்ல போட்டா லூசா நிக்கும், லேசா இழுத்தாலே கையோட வந்துடும்.

செம்பு மட்டும் சரியா இருந்தா பத்தாது, மேல இருக்கிற இன்சுலேஷன் தடிமனையும் பாருங்க. டெர்மினல்ல ரெண்டு ஜோடி இறக்கை இருக்கும், முன்னாடி ஜோடி செம்பை பிடிக்கும், பின்னாடி ஜோடி இன்சுலேஷனை பிடிக்கும். எஸ்எச்ல இன்சுலேஷனோட சேர்த்து 0.8 எம்எம்க்கு மேல போகக்கூடாது. 28 கேஜ் சிலிக்கான் ஒயர் நல்லா மெத்துன்னு வளையும், எல்லாருக்கும் பிடிக்கும், ஆனா மேல் தோல் தடிமன் 1.2 எம்எம் பக்கம் வந்துடும், எஸ்எச்லயும் ஜிஎச்லயும் அது உக்காராது. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி உங்க ஒயரை காலிப்பர்ல ஒரு தடவை பிடிச்சு பாருங்க.

ஸ்டெப் 4: கரண்ட் எவ்வளவு

பொதுவா எக்ஸ்எச்க்கு 3 ஆம்ப்ஸ், பிஎச்க்கு 2, இசட்எச், ஜிஎச், எஸ்எச், பிக்கோபிளேடு எல்லாத்துக்கும் 1 ஆம்ப்ஸ். இது அந்த சீரிஸ் தாங்குற தடிமனான ஒயர் போட்டா வர்ற அளவு, மெலிசான ஒயர்னா அதுக்கும் கம்மியாத்தான் கணக்கு வைக்கணும்.

எல்ஈடிக்கு இதெல்லாம் யோசிக்கவே வேண்டாம், ஒரு எல்ஈடி 20 மில்லி ஆம்ப்ஸ்க்குள்ள முடிஞ்சுடும், எந்த கனெக்டரும் தாங்கும். யோசிக்க வேண்டியது மோட்டாருக்கும் ரயில் பிக்கப்புக்கும் (தண்டவாளத்துல இருந்து சக்கரம் வழியா கரண்ட் எடுக்கிற லைன்). மோட்டார் ஓடும்போது எடுக்கிற கரண்ட்டை பாக்காதீங்க, சக்கரம் நின்னுபோனா எடுக்கிற கரண்ட்டை பாருங்க, அதைத்தான் ஸ்டால் கரண்ட்னு சொல்றது. டிகோடர் இல்லாம நேரா 12 வோல்ட் டிசி குடுத்து, நடுவுல மல்டிமீட்டரை 10 ஆம்ப்ஸ் ரேஞ்ச்ல வச்சு, சக்கரம் சுத்தாம கையால ஒரு செகண்ட் பிடிச்சு ரீடிங் பார்த்துட்டு உடனே விட்டுடுங்க. ரொம்ப நேரம் பிடிச்சா மோட்டார் சூடாகி கெட்டுடும். இப்ப வர்ற எச்ஓ (HO, N ஸ்கேலை விட பெரிய சைஸ்) லோகோக்கள் நிறையது 1 ஆம்ப்ஸ்க்குள்ள நிக்கும், பழைய ஓபன் ஃபிரேம் மோட்டார் அதை சுலபமா தாண்டும். ஓ ஸ்கேல்னா (O, எச்ஓவை விடவும் பெருசு) 1 ஆம்ப்ஸ் கனெக்டர் பக்கமே போகாதீங்க.

ரீடிங் 1 ஆம்ப்ஸை ஒட்டி வருது, ஆனா பெரிய கனெக்டருக்கு இடமில்லன்னா, பிக்கப்புக்கும் மோட்டாருக்கும் ஒரு லைனுக்கு ரெண்டு பின் ஒதுக்குங்க. கரண்ட் ரெண்டாப் பிரியும், ஒரு பின் காண்டாக்ட் விட்டாலும் இன்னொண்ணு இருக்கும்.

லேஅவுட்டுக்கு கீழ வேற கணக்கு. காயில் டைப் பாயிண்ட் மோட்டார் (தண்டவாளம் பிரியுற இடத்துல பாதையை மாத்துறது) ஒரு நொடிக்கும் கம்மியான நேரத்துல சில ஆம்ப்ஸ் இழுக்கும், அங்க எக்ஸ்எச் இல்லன்னா ஸ்க்ரூ டெர்மினல். மெதுவா நகர்ற டார்டாய்ஸ் மாதிரி மோட்டார் 12 வோல்ட்ல 16 மில்லி ஆம்ப்ஸ்தான் எடுக்கும், அதோட போர்டு ஓரத்துல 3.96 எம்எம் பிட்ச் எட்ஜ் கனெக்டர் நேரா மாட்டிக்கும், சால்டரே வேண்டாம். டிராக் பவர் போற மெயின் பஸ் ஒயருக்கு இந்த குட்டி கனெக்டர் எதையும் போடாதீங்க, லீவர் வச்ச வாகோ டைப் நல்லா இருக்கும்.

ஸ்டெப் 5: பின் எண்ணிக்கை, இடம்

ஒரு ஸ்டீம் லோகோ, மோட்டார் லோகோவுல, டிகோடர் டெண்டர்ல. நடுவுல எத்தனை ஒயர் போகணும்? லோகோ சக்கரத்துல இருந்து பிக்கப் ரெண்டு, சிவப்பும் கருப்பும். மோட்டாருக்கு ரெண்டு, ஆரஞ்சும் கிரேயும். ஹெட்லைட்டுக்கு ரெண்டு, நீலமும் வெள்ளையும். மொத்தம் 6. ஃபயர்பாக்ஸ் மினுக்கல் வேணும்னா பச்சை ஒண்ணு, நீலத்தை பங்கு போட்டுக்கலாம், அப்போ 7. ஸ்பீக்கர் டெண்டர்லயே இருந்தா அது இந்த கணக்குல வராது. 7 பின் 1.25 பிட்ச்ல பின்னுங்க மட்டும் 7.5 எம்எம் எடுக்கும், பக்கத்து சுவரோட சேர்த்து 10, 11 எம்எம் அகலம் வந்துடும். எச்ஓவுல டிராபார் (லோகோவையும் டெண்டரையும் இணைக்கிற கம்பி) மேல இது ஒளிஞ்சுக்கும், N ஸ்கேல்ல பல்லிளிக்கும். அங்க 4 பின்னும் 3 பின்னுமா ரெண்டு கனெக்டரா பிரிச்சு போடுறதுதான் என் ஓட்டு, எண்ணிக்கை வேற வேறயா இருக்கிறதால மாத்தி மாட்டவும் முடியாது.

கனெக்டரோட நீளத்தை மட்டும் பார்த்து வாங்காதீங்க. பிளக்கும் சாக்கெட்டும் சேர்ந்த நீளம், அதுக்கு பின்னாடி ஒயர் வளையறதுக்கு ஒரு 4, 5 எம்எம், மாட்ட கழட்ட விரலோ ட்வீசரோ போற இடம், இது மூணையும் கூட்டுங்க. அட்டையில அதே அளவுக்கு ஒரு துண்டு வெட்டி உள்ள வச்சு ஷெல்லை மூடிப் பாருங்க, மூடலைன்னா இன்னும் காசு செலவாகலைன்னு சந்தோஷப்படலாம்.

ஷெல்லுல இருக்கிற ஓட்டை கனெக்டரை விட சின்னதா இருந்தா ஓட்டையை பெருசாக்க வேண்டாம். கிரிம்ப் பண்ண டெர்மினலை ஹவுசிங்ல இருந்து வெளிய எடுத்து ஒயரை ஒவ்வொண்ணா ஓட்டை வழியா விட்டு மறுபக்கம் ஹவுசிங் மாட்டுங்க. எடுக்கிறதுக்கு மெல்லிய ஊசி போதும். பிஎச், பிக்கோபிளேடு மாதிரி ஹவுசிங்ல பக்கவாட்டுல ஒரு குட்டி ஜன்னல் இருக்கும், அதுக்குள்ள டெர்மினலோட நாக்கு பளபளன்னு தெரியும், ஊசியால அந்த நாக்கை உள்பக்கமா லேசா அழுத்திக்கிட்டே ஒயரை இழுத்தா வழுக்கிக்கிட்டு வரும். பலமா இழுக்கணும்னு தோணுச்சுன்னா நாக்கு இன்னும் மாட்டிட்டு இருக்குன்னு அர்த்தம், நிறுத்திடுங்க. எடுத்த பிறகு நாக்கை ஊசி முனையால மறுபடி கொஞ்சம் வெளிய தூக்கி விடுங்க, இல்லன்னா அடுத்த தடவை லாக் ஆகாது. சில சீரிஸ்ல நாக்கு டெர்மினல்ல இருக்காது, ஹவுசிங் பிளாஸ்டிக்லயே இருக்கும், அதை அழுத்தாம தூக்கணும். எடுக்கிறதுக்கு முன்னாடி எந்த ஒயர் எந்த பின்னுனு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

ஸ்டெப் 6: வாங்கும்போது

ஒயர் ஏற்கனவே கிரிம்ப் பண்ணி வர்றதையே வாங்குங்கன்னுதான் சொல்லுவேன், அதுவும் 1.5க்கு கீழ போனா கட்டாயம். 1.0 டெர்மினலை கையால கிரிம்ப் பண்றது கண்ணுக்கும் பொறுமைக்கும் பெரிய சோதனை. நிறைய போடப் போறீங்கன்னா எஞ்சினியர் பிஏ-09 மாதிரி குட்டி டெர்மினலுக்குன்னே வர்ற கிரிம்பர் நல்லது. மூக்கு பிளையரால நசுக்கி ஒப்பேத்தாதீங்க, இன்னைக்கு வேலை செய்யும், ரெண்டு மாசம் கழிச்சு லோகோ டிராக்ல முக்கி முக்கி ஓடும், காரணம் கண்டுபிடிக்கவே முடியாது.

ரெடிமேட் ஒயர்ல கலரை நம்பவே கூடாது. சிவப்பு பின் 1ல வருமா 2ல வருமாங்கிறது விக்கிறவருக்கு விக்கிறவர் மாறும், ரெண்டு பக்கமும் பிளக் வச்ச ஒயர்ல நேரா போறது, குறுக்கா போறதுன்னு ரெண்டு வகை வேற இருக்கு. மல்டிமீட்டரை பீப் மோட்ல வச்சு ஒவ்வொரு பின்னா செக் பண்ணிட்டு அப்புறம் சால்டர் பண்ணுங்க. தப்பா இருந்தா அதே ஊசியால டெர்மினலை எடுத்து மாத்திக்கலாம்.

ஆண், பெண் விஷயத்துலயும் உஷாரா இருங்க. உள்ள இருக்கிற உலோகத்தை வச்சு ஒருத்தர் சொல்லுவாரு, வெளிய இருக்கிற பிளாஸ்டிக்கை வச்சு இன்னொருத்தர் சொல்லுவாரு. ஜோடியா வாங்கிட்டா இந்த குழப்பமே இல்ல.

ஸ்டெப் 7: மாட்டுறது, சோதிக்கிறது

பவர் வர்ற பக்கத்துக்கு எப்பவும் பின் வெளிய தெரியாத பாதியை போடுங்க. கழட்டி வச்சிருக்கும்போது பின் எதுலயாவது பட்டாலும் ஷார்ட் ஆகாது. சால்டர் பண்ணும்போது மறு பாதியை மாட்டி வச்சுக்கிட்டே பண்ணுங்க, குட்டி கனெக்டர்ல பிளாஸ்டிக் சீக்கிரம் இளகிடும், மறு பாதி உள்ள இருந்தா பின் சாயாம நேரா நிக்கும். சூடு காட்டுறது ஒவ்வொரு பின்னுக்கும் ரெண்டு செகண்டுக்கு மேல வேண்டாம்.

எல்லாம் முடிஞ்சதும் நேரா டிராக்ல வைக்காதீங்க. டிகோடர் மாட்டுறதுக்கு முன்னாடியே மீட்டர்ல மோட்டார் ஆரஞ்சும் கிரேயும் எந்த ரயில் சக்கரத்தோடவும் தொடர்பு இல்லாம இருக்கான்னு பாருங்க, தொடர்பு இருந்து பவர் குடுத்தா டிகோடர் அங்கேயே புகைஞ்சுடும். பக்கத்து பக்கத்து பின்னுங்களுக்கு நடுவுல பீப் வருதான்னும் பாருங்க. அப்புறம் டிகோடரை மாட்டி ப்ரோக்ராமிங் டிராக்ல (டிகோடரை செட் பண்றதுக்குன்னு இருக்கிற தனி டிராக்) வச்சு அட்ரஸை (அந்த லோகோவோட நம்பர்) படிக்க வைங்க, அங்க கரண்ட் கம்மியாத்தான் வரும், ஏதாவது தப்பா இருந்தாலும் பெரும்பாலும் டிகோடர் தப்பிச்சுடும். படிச்சுட்டா மெயின் டிராக்ல வச்சு, வளைவுல மெதுவா ரெண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்க. டெண்டர் ஒயர் இழுத்துப் பிடிச்சு சக்கரம் தூக்குதுன்னா ஒயர் நீளம் பத்தல, இல்ல விறைப்பா இருக்கு, அதுக்காக கனெக்டரை மாத்த வேண்டாம், ஒயரை மட்டும் மெலிசானதா மாத்துங்க.